ஆழ்ந்த ஓய்வு, பகுதி நான்கு

மார்ச் 2, காலை

அன்புள்ள தையல்காரிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பக்கத்து அறைதான் என்றாலும் கேட்பது மரியாதை.

'ஆழ்ந்த ஓய்வு, பகுதி நான்கு' பதிவு இன்று தொடங்குகிறது. முதல் மூன்று பகுதிகளைக் கேட்டுத் தூக்கம் வந்தவர்கள், ரத்த அழுத்தம் இறங்கியவர்கள், மாமியாரை மன்னித்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அடுத்ததற்குக் காத்திருக்கிறார்கள். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் பதினேழாம் தேதிக்குள் கேட்கிறார். ஆகவே இன்று முதல் காலை ஐந்திலிருந்து மாலை ஏழு வரை வீட்டில் பேச்சு வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடு. நானும் அப்படியே செய்கிறேன். மைக்கைப் பியானோவின் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஈ தும்மினாலும் பதிவில் விழும். உன் தையல் மெஷின் விழாதா? நீயே யோசித்துப் பார்.

உன் மனதில் அமைதி பெருகட்டும்.

உன் கணவன்

மார்ச் 2, மாலை

மதிப்பிற்குரிய பியானோக்காரருக்கு,

உங்கள் கடிதம் பதினோரு அடி பயணம் செய்து பத்திரமாக வந்து சேர்ந்தது.

பத்தொன்பதாம் தேதிக்குள் ஆஸ்பத்திரிக்கு அறுபது நோயாளி அங்கி தைத்துக் கொடுக்க வேண்டும் என்று போன வாரம் சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினீர்கள். எனக்குத்தான் ஆட்டுகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

மறுபடி சொல்கிறேன். பின்பக்கம் முடிச்சுப் போடும் அங்கியில் நோயாளி நாலு அடி நடந்தால் முதுகும் மிச்சமும் வார்டு முழுக்கத் தெரியும். நான் முடிச்சைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து வெட்டியிருக்கிறேன். ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் அம்மா மாதிரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அடப்பாவமே, இத்தனை வருஷமா இது யாருக்கும் தோணலையே! இந்த அறுபதும் சரியா வரட்டும், வருஷம் பூரா உங்களுக்குத்தான்" என்றார். பதினாறு வருஷமாகப் பிறர் பேன்ட்டுக்கு நீளம் குறைத்துக்கொண்டிருந்தவளுக்கு வந்த முதல் பெரிய வேலை இது.

மாலை ஏழுக்கு மேல் மெஷின் ஓட்டுகிறேன். பகலில் கைத்தையல். இந்த வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பது இனிமேல் உவமை இல்லை என்பதால் ஊசியையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

தங்கள் மனைவி

மார்ச் 6

அன்புள்ள தையல்காரிக்கு,

நேற்று பகல் பதினொன்று இருபதுக்குக் கத்தரிக்கோல் சத்தம். 'மூன்றாம் மூச்சு' என்ற பகுதியில் மிக மென்மையான இடம் அது. நான் கோபப்படவில்லை. கோபத்தை விட்டு நாலு வருஷம் ஆகிறது. முந்தாநாள் தட்டு உடைந்தது கை தவறியதால்.

துணி வெட்டுவதைக் குளியலறையில் வைத்துக்கொள்ளலாமே? ஓடு பதித்த தரை, சமமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று: ராத்திரி நீ புரண்டு படுத்தால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காலை ஐந்து மணி மௌனத்துக்கு நான் புத்துணர்வோடு எழ வேண்டும். தையல் அறையிலேயே படுத்துக்கொள்.

அன்புடன்,
உன் கணவன்

மார்ச் 7

மதிப்பிற்குரியவருக்கு,

குளியலறையில் வெட்டினேன். இரண்டு அங்கி நனைந்தது. தையல் அறையில் படுத்தேன். துணிப் பொதி நன்றாகவே இருக்கிறது. அது என்னைப் புரளாதே என்று சொல்வதில்லை.

காலையில் தலை சுற்றியது. தைத்த வரைக்கும் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனவள் அப்படியே டாக்டரையும் பார்த்தேன். ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு நூறு.

"வீட்ல ஏதாவது டென்ஷனாம்மா?" என்றார்.

"இல்ல டாக்டர். வீட்ல ஒரே அமைதி."

"அப்ப சரி. தினம் இருபது நிமிஷம் நல்ல மியூசிக் கேளுங்க. நானே இதைக் கேட்டுட்டுத்தான் தூங்கறேன்" என்று சீட்டில் ஒரு பேர் எழுதிக் கொடுத்தார். 'ஆழ்ந்த ஓய்வு, பகுதி இரண்டு'. சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன், விளம்பரத்துக்கு உதவும். மாத்திரையும் எழுதியிருக்கிறார். மாத்திரை வேலை செய்கிறது.

இதுவரை இருபத்தாறு அங்கி.

தங்கள் மனைவி

மார்ச் 10, காலை

மெஷினைத் திறந்தேன். பாபின் கேஸ் இல்லை.

உங்களுக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். அடியில் நூல் சுற்றிய பாபினைப் பிடித்துக்கொள்ளும் சின்ன இரும்புக் கிண்ணம். அது இல்லையென்றால் மெஷின் வெறும் பாரம். எலி தூக்கிப் போயிருக்காது. இந்த வீட்டு எலிகள் போன பகுதியின்போதே காலி செய்துவிட்டன.

எங்கே?

மார்ச் 10, பகல்

அன்புள்ள தையல்காரிக்கு,

உன் கடிதத்தில் விளிப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வருத்தமாக இருக்கிறது.

அதை நான்தான் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று மாலை ஏழு ஐந்துக்கு நீ தைக்கத் தொடங்கினாய். ஒப்புக்கொண்ட நேரம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஏழு பத்துக்கு எனக்கு முடிவுப் பகுதி தோன்றியது. கலை மணி பார்த்துக்கொண்டு வருவதில்லை. பதினெட்டாம் தேதி திருப்பித் தருகிறேன். நாலு நாள் தாமதமானால் என்ன, நோயாளிகள் எழுந்து ஓடிவிடுவார்களா? அங்கிதானே! நான் இங்கே மனிதர்களைக் குணப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

மூச்சை நன்றாக இழுத்து விடு.

உன் கணவன்

மார்ச் 11

மதிப்பிற்குரிய பியானோக்காரருக்கு,

விளிப்பு போட்டிருக்கிறேன். கையெழுத்தும் போடுகிறேன். குறை வேண்டாம்.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போய்ப் புது பாபின் கேஸ் கேட்டேன். கடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். ஆக, நீங்கள் அதை எடுத்ததற்காக நான் வீட்டை விட்டுப் போகவில்லை. 'அங்கிதானே' என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகப் போகிறேன்.

ஆபரேஷனுக்குப் போகிறவர் உடம்பில் கடைசியாக இருப்பது அந்த அங்கி ஒன்றுதான். அவர் மானத்தை நான் அதில் முடிச்சுப் போட்டு வைக்கிறேன். உங்கள் இசையைக் கேட்டு ஆயிரம் பேர் தூங்கட்டும், நல்லாயிருக்கட்டும். அந்தத் தூக்கத்துக்கு மூன்று பகுதியாக நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தால் தலையணையில் இருமினேன். போன வருஷம் என் அப்பா இறந்த செய்தி வந்தபோது நீங்கள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினீர்கள். நான் மாடிக்குப் போய் அழுதேன். மாடிவீட்டு லாரி ஓட்டுநர்தான் தண்ணீர் கொடுத்தார். அவரே இன்று மெஷினைத் தூக்க வருகிறார்.

அக்காவின் சலவைக்கடைப் பின்னறைக்குப் போகிறேன். அங்கே மூன்று வாஷிங் மெஷின் ஓடுகிறது. அக்கா அதற்கு மேல் கத்துவாள், நான் அவளுக்கு மேல் கத்துவேன். திரும்பி வர மாட்டேன்.

ஃபிரிஜ்ஜில் ஆறு நாள் சாப்பாடு டப்பாவில், நாள் எழுதி வைத்திருக்கிறேன். அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கதோஷம்.

இந்தக் கடிதத்தை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளவில்லை. என் தையல் மேஜைமேல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன். இந்த அறைக்குள் நீங்கள் கடைசியாக வந்தது திருட. இனி வேறு எதற்காவது வந்தால் படித்துக்கொள்ளுங்கள்.

தையல்காரி

மார்ச் 12

அன்புள்ள தையல்காரிக்கு,

நேற்று மதியம் இரண்டு பத்துக்கு எதையோ தரையில் இழுக்கும் சத்தம், பிறகு படியில் கனமான காலடி, பிறகு வாசல் கதவு. மூன்றும் பதிவில் விழுந்துவிட்டன. அந்த இரண்டு நிமிஷத்தையும் வெட்டி எறிந்துவிட்டேன். மன்னித்தும்விட்டேன். அதன் பிறகு நீ அமைதியாக இருந்ததைக் கவனித்தேன்.

உன் கணவன்

மார்ச் 14

அன்புள்ள தையல்காரிக்கு,

இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று நாளாக ஒரு சத்தமில்லை. குழாய்கூடச் சொட்டவில்லை. நாள் எழுதிய டப்பா ஏற்பாடு அபாரம். பாத்திரம் உருளும் பேச்சே இல்லை. இதை முன்பே செய்திருக்கலாம்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில், எனக்கு ஒரு துணை இருக்கிறது என்று இப்போதுதான் உணர்கிறேன். நாம் இருவரும் ஒரே மௌனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம். இசைத்தட்டு அட்டையில் உனக்கு நன்றி போடச் சொல்லிவிட்டேன்: 'பக்கத்து அறையில் இருந்த என் மனைவிக்கு.'

பதில் எழுதாததும் பொருத்தமாகவே இருக்கிறது.

உன் கணவன்

மார்ச் 18

தையல்காரிக்கு,

ஆறாவது டப்பா முந்தாநாளோடு தீர்ந்தது. நேற்று பிஸ்கட் தின்றேன். பதிவு முடிந்துவிட்டது என்று தனியாகச் சீட்டு எழுதித் தள்ளினேனே, பார்க்கவில்லையா? கோபத்துக்கும் ஓர் அளவு இல்லையா?

கம்பெனிக்காரர் இன்று கூப்பிட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. முத மூணுல ஆள் இருக்கற வீடு மாதிரி ஏதோ ஒண்ணு இருந்துச்சு சார். இதைக் கேட்டா தூக்கம் வரல. எழுந்து போயி வீட்ல எல்லாரும் இருக்காங்களான்னு பாத்தேன்" என்றார். காது கேளாத ஜென்மம். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். நாலு வருஷத்தில் முதல் தடவை. திட்டியது உனக்கும் கேட்டிருக்கும்.

பிறகு நானும் போட்டுக் கேட்டேன். முழுதும் கேட்க முடியவில்லை.

இப்போது உன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் தள்ளிய கடிதங்களின் ஓரம் இன்னும் வெளியே தெரிகிறது. கதவைத் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவு பூட்டவில்லை, தள்ளினால் திறக்கும். தள்ளவில்லை.

எல்லா மைக்கையும் அணைத்துவிட்டேன். நீ பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால் திட்டு. அதுவும் வேண்டாமென்றால் ஒரே ஒரு தடவை இருமு, போதும்.

வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன்.