செவந்திக்கு இருட்டு, கோழிக்கு வெளிச்சம்

நங்கையா,

போன வாரம் நம் வெள்ளாமைக் காட்டு மூலையில் தெருவிளக்கு போட்டார்கள். ஊரே சந்தோஷப்பட, நான் மட்டும் அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில் இருந்த என் செவந்திச் செடிகளைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, வெளிச்சம் பத்தலைங்களா?" என்று கம்பம் நட்டவர் கேட்டார்.

"இருட்டுத்தானுங்க பத்தல" என்றேன். மனுசன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்குப் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

நான் எருமப்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டு வந்த புதுசில், அடுத்த காட்டில் நீங்கள் வெள்ளைக் கோழி வளர்த்துக்கொண்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரருக்கு நீங்கள் கூடப்பிறந்த அக்கா, எனக்கு நங்கையா. பகல் நீளமாக இருந்தால்தான் கோழி நன்றாக முட்டை வைக்கும் என்று குஞ்சு விற்றவர் சொல்லியிருந்தார். அதனால் பொழுது விழுந்ததும் கோழிக் கொட்டாய் நெடுகப் பல்பு எரியும். இன்னும் பகல்தான் என்று கோழிகளுக்குப் பொய் சொல்லுகிற வேலை.

"பல்பு போட்டுப் படிக்க வெக்கறீங்க. உங்க கோழிக்குச் சிலேட்டு ஒன்னுதான் குறைச்சல்" என்றேன் ஒரு நாள்.

"படிச்சா உன்னாட்ட மூணாவதோட நிக்காது" என்றீர்கள், தீவனம் அள்ளுகிற கையை நிறுத்தாமலே.

அந்த வருசம்தான் நானும் அவரும் முதல்முதலாகச் செவந்தி போட்டோம். உங்கள் கொட்டாயை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிற காடு. அவருக்கு விவசாயத்தில் மனசு நிலைக்கவில்லை. ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் லாரியில் வேலைக்கு ஆள் கூப்பிட்டிருந்தார்கள். போனால் வடக்கே எங்கேயோ, எப்போது திரும்புவாரென்று சொல்ல முடியாது. "கார்த்திகை தீபத்துக்குள்ள காடு பூராப் பூத்தா இருக்கறேன். இல்லீன்னா வண்டி ஏறிருவேன்" என்று சொல்லிவிட்டார். நான் சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினேன். மறுநாளிலிருந்து விடிந்ததும் மொட்டு இருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது.

ஐப்பசி வந்தது. செடி முழங்காலுக்கு மேல் தழைத்து நிற்கிறது, ஒரு மொட்டில்லை. கண்ணுப்பட்டுவிட்டது என்றார் அவர். உங்கள் கோழி எருச் சூடுதான் காரணம் என்று நான் சண்டைக்கு வந்தேன்.

"எருவச் சும்மா வாங்கிப் போடறப்ப சூடு தெரியலையாக்கும்" என்றீர்கள். ஆனாலும் கூடவே வந்து, வரப்பு வரப்பாக நடந்து பார்த்தீர்கள்.

உங்கள் கொட்டாய்க்கும் என் காட்டுக்கும் இடையில் நின்ற சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் மட்டும் செடியெல்லாம் மொட்டு. போரின் அகலத்துக்குக் கத்தரித்து வைத்த மாதிரி. அதற்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அன்று பொழுது விழுந்து பல்பு எரிந்ததும் திரும்பப் போய்ப் பார்த்தோம். போரின் நிழல் அந்தச் செடிகள் மேல்தான் கிடந்தது.

"இதுக்கு ராத்திரி வேணுமாட்ட இருக்குது" என்றீர்கள்.

விளக்கை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிச்சத்தைத் திடீரென்று குறைத்தால் கோழி இறகை உதிர்த்துவிட்டு முட்டையை நிறுத்திக்கொள்ளும். உங்கள் பிழைப்பு அது. நீங்களாகவே ஒரு யோசனை செய்து, சாயங்காலம் அணைத்துவிட்டு விடியக்காலம் எரியவிட்டீர்கள். கோழி ஏமாந்தது, செவந்தி ஏமாறவில்லை. முன்னால் எரித்தால் என்ன, பின்னால் எரித்தால் என்ன, அதன் ராத்திரி குறைந்துதானே போகிறது. ஒரே மூச்சாக நீள இருட்டு கேட்டது அது.

பிறகுதான் தீவனச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்துப் படுதா செய்தோம். விளக்கை மறுபடி சாயங்காலத்துக்கே மாற்றினீர்கள். பல்பு எரியுமுன் படுதாவை என் காட்டுப் பக்கம் இறக்க வேண்டும், அணைத்ததும் கோழிக்குக் காற்று வர ஏற்றிவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஆகாது. முதல் நாலைந்து நாள் நீங்களே செய்தீர்கள். அப்புறம் உங்கள் தம்பிக்குச் சொல்லி அனுப்பினீர்கள்.

"தோளு புடிச்சிக்கிச்சு சாமி. கைய மேல தூக்க முடியல. நீ வந்து இறக்கிட்டுப் போ."

"நாளைக்கு ரிக் வண்டி வருதக்கா."

"அது அடுத்த வாரமும் வரும். சாக்கு தானா இறங்காது."

அவர் முனகிக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் வண்டியும் வந்தது, உங்கள் தோளும் வலித்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சாயங்காலமானால் படுதா இறக்குவதும், அந்தச் சாக்கிலேயே செடியில் மொட்டுத் தேடுவதும் அவருக்கே பழகிப்போனது. கார்த்திகை தீபத்துக்குக் காடு பாதிதான் மஞ்சளானது. சொன்ன கெடு தவறிவிட்டது. அவரோ, பூப்பறிக்கக் கூடை எங்கே என்றுதான் கேட்டார்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தோள் பிடித்துக்கொண்டது என்று சொன்னீர்களே, அன்றைக்கு மத்தியானம் எரு அள்ள உங்கள் கொட்டாய்க்கு வந்திருந்தேன். நிறைந்த தீவன மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி அட்டாலியில் போட்டுக்கொண்டிருந்தீர்கள், இந்தக் கையாலும்தான், அந்தக் கையாலும்தான். நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன். கோழிக்குப் பொய் சொல்லப் பழகியவர், தம்பிக்குச் சொல்லமாட்டீர்களா.

உங்கள் காரியத்தன்று வந்தவர்களிடம் அவர், "அக்காளுக்குக் கடைசி வரைக்கும் தோள் வலிதானுங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

சாக்குப் படுதாவைப் பரணிலிருந்து இறக்கிக் கிழிசலைத் தைத்துவிட்டேன். தெருவிளக்குப் பக்கமாக நாலு மூங்கில் நட்டு, பொழுது விழுந்தால் தொங்கவிட வேண்டும். இந்த மனுசனுக்கு இப்போது மறுபடி கால் நிலைகொள்ளவில்லை. பள்ளிபாளையத்தில் சிநேகிதரோடு தங்கி மில்லுக்குக் காவலுக்குப் போகிறேன் என்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டேன். "ஏனுங்க, எனக்குத் தோளு புடிச்சிக்கிச்சு. வந்து இறக்கிவிட்டுட்டுப் போங்க."

வந்தார்.