கரிநாக்கு என்றார்கள் உன்னை

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும், எங்கள் வீட்டில் காட்டிவிடாதீர்கள். பெரியப்பாவிடம் வேண்டவே வேண்டாம். இது செத்துப்போன என் அக்காவுக்கு நான் எழுதுவது.

அக்கா, உன் கிராஃப் நோட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்திருக்கிறேன். பம்புசெட் என்ஜின் ரூமில் கிடந்த டீசல் வாடை இன்னும் அதில் அடிக்கிறது. நாளைக்கு உன் துணிமணியோடு இதையும் எரிக்கப் போகிறார்கள். வீட்டுக்கு ஆகாத நோட்டாம்.

விடிந்ததும், என்ஜின் போடுவதற்கு முன்னால், கல் கட்டிய கயிற்றைக் கிணற்றின் அடிவரை இறக்கித் தூக்குவாய். நனைந்த முடிச்சுகளை நான் எண்ணுவேன். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். பென்சில் புள்ளிகள் வெள்ளாட்டுக்குட்டி மாதிரி குதித்தன. நீ ஏழு நாள் அளவைக் கூட்டி ஏழால் வகுத்தாய். மறுநாள், பழைய நாளை விட்டுவிட்டுப் புதிய நாளைச் சேர்த்து மறுபடி வகுத்தாய். அந்தச் சராசரிகளைச் சிவப்பு மையால் இணைத்தபோது குதிப்பெல்லாம் அடங்கி, கோடு சீராகக் கீழே இறங்கியது. "ஒரு நாளு ஏமாத்தும். ஏழு நாளும் சேந்து ஏமாத்தாது" என்றாய். ஸ்கேலை வைத்து நீட்டிப் பார்த்தாய். மாசிக் கடைசியில் கோடு அடியைத் தொட்டது.

மிளகாய் நட வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொன்னாய். அவர் சிரித்தார். "ஏட்டி, அளந்து அளந்தே கிணத்த வத்த வச்சிருவ போலுக்கே."

மாசிக் கடைசியில் வற்றியது. மிளகாய் கருகி, கரிசல் பாளம் பாளமாக வெடித்தபோது உனக்குக் கரிநாக்கு, கெட்டது சொன்னால் பலித்துவிடும் என்றார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. ராப்பகலாக என்ஜினை ஓட்டியவர்களுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. வகுத்துப் பார்த்த உனக்கு மட்டும் வைத்தார்கள்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. செவிலியக்கா கொடுத்த தெர்மாமீட்டரை வைத்துக் காலையும் மாலையும் நீயே குறித்தாய். காலையில் குறையும். உடனே அம்மா, விட்டுவிட்டது என்று திருநீறு பூசுவாள். நாலாம் நாள் நோட்டை நீட்டினாய். காலையையும் மாலையையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தாய். "காலைல எறங்குதத மட்டும் பாக்காதீங்கம்மா. கோடு ஏறுது. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பெரியப்பா நோட்டைப் பிடுங்கி வீசினார். "கிணத்துக்குச் சொன்னது போதும். ஒனக்கும் நீயே சொல்லிக்காத." நீ அதை எடுத்து வைத்து மறுநாளும் குறித்தாய்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கோடு ஏறுவது எனக்கும் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயர் எனக்கும் வந்துவிடுமோ என்று பயம். ஐந்து நாள் கழித்துத்தான் கோவில்பட்டிக்குத் தூக்கிப்போனார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார்.

இப்போது சாவுக்குத் துட்டி கேட்க வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா சொல்கிறார், "அவ வாக்கு அவளுக்கே பலிச்சிட்டு." அப்படிச் சொன்னால் யார் மேலும் தப்பில்லை, பார். எவ்வளவு வசதி. நீ எங்கள் கையில் ஐந்து நாள் கொடுத்திருந்தாய், அக்கா. அந்த ஐந்து நாளும் உனக்குத் திருநீறு பூசினோம்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உன் கணக்கை என் வரலாறு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நான் குறிப்பேன். ஏறினால் சொல்வேன். பெரியப்பா முன்னாலேயே சொல்வேன். என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும்.

கிணறு முழுவதும் எழுதியாயிற்று. காய்ச்சலில் இரண்டு நாள்தான் பாக்கி. எட்டாம் நாள் காலை நூற்றொன்று, மாலை நூற்று மூன்றரை. ஒன்பதாம் நாள் காலை

பெரியப்பா கதவைத் தட்டுகிறார்