வைத்திலிங்கம் எடுத்த வரைபடங்கள்

நவம்பர் 7, 1994. திங்கள்
காலை முழுதும் தூறல். கையுறையை மறந்து போனேன்.

இன்று முதல் எங்கள் லண்டன் பம்புத் தொழிற்சாலையின் வரைபடங்கள் எல்லாம் கணினிக்குள். வரைபட அறையில் நாங்கள் மூன்று பேர். டிசம்பர் நத்தாருக்குப் பிறகு ஒருவர்தான் வேண்டும் என்று மேலாளர் பிரையன் சொல்லிவிட்டார். மற்ற இருவரும் இளையவர்கள். அறுபத்து மூன்று வயதில் எனக்கு என்ன வாய்ப்பு?

கணினியைப் பொருத்த வந்திருப்பவர் கல்பனா, கோயம்புத்தூர்ப் பெண். பதிவு செய்யும்போது திரையில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம். இங்கே எல்லோருக்கும் நான் மிஸ்டர் நடராஜா. ஆனால் அது எனக்கு வைத்த பெயர். குடும்பப் பெயர் அல்லவே. நெடுநேரம் யோசித்து, என்னைப் பெற்ற ஐயாவின் பெயரைப் பதிந்தேன்: வைத்திலிங்கம். சரியாகத்தான் இருக்கும்.

நவம்பர் 8. செவ்வாய்
குளிர். பால், முத்திரை, சப்பாத்துக் கயிறு.

திரையில் ஒரு பம்பை அழுத்தினால் பாகங்கள் விரிகின்றன. மூடியை அழுத்தினால் போல்ட். போல்ட்டுக்குக் கீழே வாஷர். வாஷரிடம் கேட்டால், தான் இருக்கும் பம்புகளை எல்லாம் சொல்கிறது. ஒரு வாஷருக்கு இத்தனை உறவினரா? வரைபடங்கள் அலுமாரியில் கிடந்தபோது ஒரு தாளுக்குப் பக்கத்துத் தாளைத் தெரியாது.

மதியச் சாப்பாடு மறந்து போயிற்று.

ஒவ்வொன்றையும் திறக்க முன் ‘எடுக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறேன். அலுமாரியிலும் அதுதான் முறை: கையெழுத்திடாமல் தாளைத் தொடக் கூடாது. ‘பார்க்க மட்டும்’ என்று இன்னொரு பொத்தானும் உண்டு. களவாகப் பார்ப்பது போல இருந்தது. தொடவில்லை.

நவம்பர் 9. புதன்
வெயில், பெயருக்கு.

ரப்பர் வளையத்தால் தண்ணீர் ஒழுகுகிறதாம். பம்பு மூடியில் அது உட்காரும் பள்ளத்தின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். நாளை மதியம் மூடிகள் கடைசல் இயந்திரத்தில் ஏறும். அதற்குள் வரைபடத்தைத் திருத்தாவிட்டால் எல்லாம் பழைய அளவில் வெட்டுப்பட்டு வீண். ஆனால் திருத்த முடியவில்லை. வரைபடம் பூட்டிக் கிடக்கிறது. திரை காட்டும் காரணம்: எடுத்தவர், வைத்திலிங்கம். அவர் திருப்பிக் கொடுக்கும் வரை வேறு யாரும் திருத்த முடியாதாம்.

“யார் இந்த ஆள்?” என்றார் பிரையன்.

“வேல்ஸில் ஓர் ஊர்ப் பெயர் மாதிரி நீளமாக இருக்கிறது” என்றார் வரைவாளர் கொலின்.

“மூடி மட்டுமில்லை. தொழிற்சாலையில் பாதியைத் தூக்கி வைத்திருக்கிறான்.”

கல்பனா இன்று வேறிடம். பூட்டை உடைக்கலாம், ஆனால் அந்த ஆள் ஏதும் திருத்தியிருந்தால் அழிந்து போகும், முதலில் ஆளைத் தேடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னாராம்.

பிறகு ஒலிபெருக்கியில் ஐயாவின் பெயர். திரும்பத் திரும்ப. யாழ்ப்பாணத்தில்கூட அவரை இவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. நான் எழும்பவில்லை. எழும்பினால் நத்தார் வரைகூட இல்லை, இன்றே கடைசி. சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கவும் வழி தெரியவில்லை.

வீடு. மனைவி ஈசுவரியிடம் சொன்னேன்.

“மாமா செத்து எத்தினை வருசம்? மனுசனை ஏன் இப்ப லண்டனில வேலைக்குச் சேத்தனீங்கள்?”

சிரித்து முடித்தபின்: “காலமை போய்ச் சொல்லுங்கோ. வெட்டுப்பட்டாப் பிறகு சொல்லி என்ன?”

நவம்பர் 10. வியாழன்
பனிமூட்டம். பஸ் பிந்திவிட்டது.

பிரையனின் கதவைத் தட்டினேன். கேட்கவில்லைப் போலும். மறுபடி தட்டினேன். உள்ளே கல்பனாவும்.

“வைத்திலிங்கத்தை எனக்குத் தெரியும்.”

“நல்லது. எங்கே அவர்?”

“அவர் என் தகப்பனார்.”

“இங்கேயா வேலை செய்கிறார்?”

“இல்லை. காலமாகிவிட்டார்.”

பிரையன் பேனையைக் கீழே வைத்தார். “வருந்துகிறேன். நேற்றா?”

கல்பனா வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ சார், அப்பா பேரா? எங்க ஊர்ல ஒரே எழுத்துல முடிச்சிருப்போம். நீங்க ஆளையே உள்ள கூட்டிட்டு வந்துட்டீங்க.” பிறகு பிரையனுக்கு ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம்.

எதை மாற்றினீர்கள் என்றார் பிரையன். ஒன்றையும் இல்லை. பிறகு ஏன் எடுத்தீர்கள்? வாசிக்க. எல்லாவற்றையுமா? எல்லாவற்றையும்.

பேனையை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். கோபமா, தெரியவில்லை.

கல்பனா காட்டியபடி மூடியை முதலில் திருப்பிக் கொடுத்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக, தேநீர் நேரம் வரை. மூடிகள் புதிய அளவில் வெட்டுப்படுகின்றன. என் வேலை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நவம்பர் 11. வெள்ளி
மழை. மரக்கறி. குடைக்கம்பி உடைவு.

‘பார்க்க மட்டும்’ பழகுகிறேன். இன்னும் கூச்சம். ஒரு விசித்திரம்: அச்சொட்டாக ஒரே ஸ்பிரிங், இரண்டு பாக எண்களில். இரட்டைப் பிள்ளைகளா, ஒருவரேதானா? எனக்குத்தான் விளங்கவில்லையோ? கேட்பதா விடுவதா என்று இருந்துவிட்டு, போய்ப் பிரையனிடம் கேட்டேன். “எனக்கும் தெரியாது” என்றார்.

பின்னேரம் கல்பனா வந்தார். “பிரையன் ஜனவரிக்கும் உங்க பதிவை வச்சுக்கச் சொல்லிட்டார் சார். எல்லாத்தையும் படிக்கிற ஆள் ஒருத்தர் வேணுமாம். பேரை நடராஜான்னு மாத்திடவா?”

திரையைப் பார்த்தேன்.

“வேண்டாம் பிள்ளை. அவர் இருக்கட்டும்.”

“மறுபடி ஸ்பீக்கர்ல கூப்பிட்டா?”

“எழும்பி வாறன்.”