நாலு இழை மயிலிறகு

ஏப். 1, புதன்

மோர்டன். காலமை வெயில், பிறகு வடகிழக்குக் காத்து. ட்ரவுட் மீன் பிடிக்கிற சீசன் இண்டைக்குத் திறந்தது. ஷிப்ட் முடிஞ்ச கையோட வாண்டில் ஆத்துக்கு ஓடினன்.

தண்ணி மட்டம் போதும். தெளிவு. ஆனால் குளிர், விரல் விறைச்சிட்டுது. பூச்சி ஒண்டும் பறக்கேல்லை. மீனும் ஒண்டையும் காணேல்லை.

மீன் மிஞ்சியிருக்கோ எண்டதுதான் கேள்வி. போன ஒக்டோபர் ஆரோ பாவி ஆத்துக்குள்ள எண்ணெய் ஊத்தினான். செத்த ட்ரவுட்டைப் பை பையா அள்ளினனாங்கள். அண்டைக்கு அழுதனான்.

நாயோட வந்த வெள்ளைக்கார மனிசி: "ஏதும் கண்டனியோ?" இல்லை எண்டன். "நானும் தினம் பாக்கிறன்" எண்டா.

வீட்டை வந்தால் பவானி: "பிடிச்சாலும் திருப்பி விடுற மனிசன். பிறகேன் போய் விறைக்கிறியள்?" கட்டின நாள் தொட்டு இதே கேள்வி.

ஏப். 3, வெள்ளி

பெரிய வெள்ளி லீவு. தூறல். வெள்ளிக்கிழமை வீட்டில மீன், மச்சப் பேச்சே கூடாது, ஆத்துக்கு எங்க போறது. பவானி கோயிலுக்கு. நான் இருந்து ஈ கட்டினன்: தூண்டில் கொக்கியில நூலும் இறகும் சுத்தி, பூச்சி மாதிரி.

மயிலிறகு முடிஞ்சுது. கடை பூட்டு. சாமியறையில முருகன் படத்துக்குப் பின்னால ஒண்டு இருக்கு. பாத்தன். பாக்காத மாதிரி வந்தன். திருப்பிப் போனன். நாலு இழை மட்டும் வெட்டினன்.

பின்னேரம் பவானியிட்டைப் பிடிபட்டன்.

"ஐயோ, முருகன்ரை இறகை வெட்டி மச்சம் பிடிக்கவோ! அதுவும் வெள்ளிக்கிழமை! விசரே உங்களுக்கு?"

இரவு புட்டு. வெறும் புட்டு.

வாங்க வேண்டியது: பால், கறுப்பு நூல், கற்பூரம் (சமாதானத்துக்கு).

ஏப். 4, சனி

காத்து விழுந்திட்டுது. வானம் மப்பு, மெல்லிய சூடு. மத்தியானம் பாலத்துக்குக் கீழ சின்னச் சாம்பல் பூச்சியள் தண்ணியில மிதந்து வருது. பிறகு தண்ணியில ஒரு வட்டம். மிதந்த பூச்சியைக் காணேல்லை, மீன் எடுத்திட்டுது!

மயிலிறகு ஈயைக் கட்டினன். முதல் எறி மரத்தில. முருகா! அடுத்த எறி, மீனார் டக்கெண்டு எடுத்தார்.

ஒரு சாண் நீளம். சிவப்புப் புள்ளி. இது நேற்றுப் பொரிச்ச குஞ்சில்லை, எண்ணெய்க்குத் தப்பினது! தண்ணிக்குள்ள வைச்சே கொக்கியைக் கழட்டினன். ஓடிட்டுது. கரையில குந்தி இருந்து, வெக்கமில்லாமல் அழுதன்.

பவானி குசினியில.

"இருக்கு. உயிரோட இருக்கு."

"முருகன்ரை இறகிலயோ எடுத்தது?"

"ஓம்."

"விட்டிட்டியளோ?"

"ஓம்."

வெங்காயம் வெட்டுறதை நிப்பாட்டி யோசிச்சா. "தின்னேல்லைத்தானே. அப்ப அது மச்சமில்லை."

ஏப். 5, ஞாயிறு

நல்ல வெயில். தேத்தண்ணிக்குப் பக்கத்தில பவானி கொண்டுவந்து வைச்ச முருகன்ரை மயிலிறகு, கத்தரிக்கோல்.

"கரையால வெட்டுங்கோ. நடுக்கண்ணில கை வைச்சியளோ, தெரியும்."