திட்டில் தீ வைக்காததற்கு

தம்பிக்கு,

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் மகள் கல்யாணத்தில் அத்தை முறைக்கு என்னை அழைக்காமல் விட்டதை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

மாசி வந்தால் ஆற்றுத் திட்டில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது நம் ஊர் வழக்கம். புதுப்புல் துளிர்த்தால் ஆடுகளுக்கு ஆகும். அந்தக் காய்ந்த புல்லின் அடியில்தான் என் சிலந்தி முட்டைப் பையைக் கட்டுகிறது. யாரும் சொல்லித்தரவில்லை, நானே பார்த்துத் தெரிந்துகொண்டது. சிலந்தியே அரிசி அளவுதான் இருக்கும். அந்தத் திட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை என்று ஆராய்ச்சிக்கு வந்தவர்களும் சொன்னார்கள். போன வருஷம் இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். “ஆடு பால் குடுக்குது. உன் பூச்சி என்னக்கா குடுக்கும்?” என்றாய்.

இந்த வருஷம் பரிசல் ஓட்டும் சென்றாயன் வந்து சொன்னார். “தம்பி தீப்பெட்டியோட எறங்குனாருங்க. குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு. அப்பறம், எங்கக்கா பூச்சி இருக்குது, பரிசலத் திருப்புன்னுட்டாருங்க.”

நேற்று போய்ப் பார்த்தேன். புல் தாள்களில் குஞ்சுகள் ஏறிக்கொண்டிருந்தன. எழுந்து வர மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் ஆடுகளுக்கு இப்போது மேய்ச்சல் இல்லை என்று தெரியும். என் கொல்லையில் காய் பறித்து முடிந்த அவரைக்கொடி இன்னும் பச்சையாக நிற்கிறது. ஓட்டி வந்து மேயவிடு. ஆள் வைத்து அனுப்பினால் படலைத் திறக்க மாட்டேன். நீயே வா.

இப்படிக்கு,
உன் அக்கா