பாவாயியின் சுமைதாங்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னம்மாவுக்குச் சுமைதாங்கிக் கல் நட்ட அன்று, நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். "அக்காவுக்கு எங்கேப்பா கல்?" இவ்வளவுதான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு உங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கேட்டிருந்தால் அறைந்திருப்பீர்கள். அறைந்தால், வந்திருந்தவர்கள் ஏன் என்று கேட்டிருப்பார்கள். அதற்காகவாவது கேட்டிருக்க வேண்டும்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு வழியோரத்தில் கல் நடுவது நம் பக்கத்து வழக்கம். தலைச்சுமைக்காரர்கள் அதில் பாரத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம் அவள் பாரமும் இறங்கும் என்பார்கள். உங்கள் தம்பி மனைவிக்கு நட்டீர்கள். அதே வருஷம், அதே வீட்டில், அதே மாதிரி செத்த உங்கள் மூத்த மகளுக்கு நடவில்லை. சின்னம்மா கழுத்தில் தாலி இருந்தது. பாவாயி கழுத்தில் இல்லை. வேறு என்ன வித்தியாசம்?

அக்காவுக்குப் பதினாறு. அவள் தொட்டிலில் கிடந்தபோதே மாமன் மகனுக்கு என்று பேசி வைத்தவர் நீங்கள். அவன் வந்து போக இந்த வீட்டில் எந்தத் தடையும் இருந்ததில்லை. பிறகு மாமா அவனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பெரிய இடமாகப் பெண் பார்த்துக்கொண்டார். அக்காவுக்கு ஐந்து மாதம் என்று தெரிந்து நீங்கள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா" என்றான். அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினீர்கள். அக்காவைப் பருத்தி போடுகிற அறையில் விட்டுப் பூட்டினீர்கள்.

படித்த கதைகளில் எல்லாம் இப்படிப்பட்ட பெண் கடைசியில் ஆற்றிலோ கிணற்றிலோ விழுந்துவிடுகிறாள். எழுதினவர் அவளுக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுகிறார். எங்கள் அக்கா எதிலும் விழவில்லை. கதவு பூட்டியிருந்தது.

ஏழாம் மாதம் வலி கண்டது. பட்டப்பகல். அம்மா உங்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏனுங்க, மருத்துவச்சிய ஒரு எட்டு கூட்டிட்டு வரச் சொல்லுங்க. புள்ள தாங்காதுங்க."

"அவ வாயை நீ தெச்சு வெப்பியா? ஆட்டையாம்பட்டிச் சந்தை வரைக்கும் போயிரும்."

"போனாப் போகுதுங்க. உசுரு இருக்குமுங்க."

"மானம் போன பொறகு உசுரு எதுக்கு?"

மானம் உங்களுடையது. உயிர் அவளுடையது. அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் அவள் போய்விட்டாள். பிள்ளை வெளியே வரவேயில்லை.

நீங்கள் ஊர் மணியக்காரர். இறப்புப் புத்தகம் உங்களிடம் இருந்தது. வாந்திபேதி என்று உங்கள் கையாலேயே எழுதினீர்கள். அப்படி எழுதினால் யாரும் பிணத்தின் கிட்டே வர மாட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வாரமே சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து நம் கிணற்றில் சிவப்பு மருந்தைக் கரைத்தார்.

"ஊட்டுல வேற யாருக்காச்சும் பேதி கண்டிருக்குதுங்களா மணியக்காரரே?"

"இல்லீங்க. மாரியாத்தா புண்ணியம்."

நான்கு நாள் சிவப்புத் தண்ணீர் குடித்தோம். மாடுகளும் குடித்தன. ஊர் நம்பியதா? "ஒரே ஊட்டுல ஒருத்திக்கு மட்டும் வந்த பேதி" என்று பெண்கள் என் காதுபடவே சிரித்தார்கள். ஊருக்குத் தெரியக் கூடாது என்றுதானே மருத்துவச்சியை அழைக்கவில்லை? அதுவும் நடக்கவில்லையே அப்பா. தை மாதம் அந்த மாமன் மகன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள்.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. உங்கள் காரியத்தன்று உங்களை மானஸ்தர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் புகழ்ந்தார்கள். அம்மா பாதியில் எழுந்து உள்ளே போனாள். அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்: "அவளுக்கு ஒரு கல்லு நடோணும் சாமி."

கல் வெட்டுகிறவரிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னாரு சம்சாரம்னுதானுங்க அம்மிணி வெட்டறது. இதுக்கு என்னன்னு வெட்டட்டும்?"

"மணியக்காரர் மகள்னு வெட்டுங்க. அப்பா பேரையும் போடுங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உளியை எடுத்தார்.

செய்தி கேட்டுச் சித்தப்பா வந்தார். சின்னம்மா கல்லுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறவர் அவர்.

"செத்த மனுசன் மானத்தைச் சந்தியில நிறுத்தறயா? உன்னை எவன் கட்டுவான்?"

"இப்ப மட்டும் வாசல்ல வரிசையா நிக்கறாங்களா சித்தப்பா?"

எதையும் எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பதுதான் என் சுபாவம். இதை அப்படி வைக்கப் போவதில்லை. பூட்டி வைத்து ஒன்றைச் சாகவிட்டது போதும். பொய்யை ஊரறிய எழுதினீர்கள். நானும் ஊரறியவே எழுதுகிறேன். இன்னும் எத்தனை வீடுகளில் அந்தப் பருத்தி அறை இருக்கிறதோ, தெரியவில்லை. உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியவள் நான் இல்லை.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு உயிர் இருக்கும்வரை அந்தக் கல்லில் அவள் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

போன புதன்கிழமை ராசிபுரம் போகும் வண்டித்தடத்தில் கல்லை நட்டோம். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், யாரோ உங்கள் பெயரை மட்டும் கொத்தி எடுத்திருந்தார்கள். சனிக்கிழமை கல் வெட்டுகிறவர் வந்து, முன்பைவிட ஆழமாக, அதை மறுபடியும் வெட்டிவிட்டுப் போனார்.

பாவாயியின் தங்கை,
உங்கள் இளைய மகள்