ஏரி நடுவே நின்ற புள்ளி

வாலு,

இந்த நடுராத்திரியில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, பகலில் உட்கார்ந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்பதில்லை. நாங்கள் இருவரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் இன்னும் நலம். அப்பாவுக்கு முதுகுவலி தேவலை, பாரம் தூக்காதீர்கள் என்றால்தான் கேட்பதில்லை. உன் அறையில் துணி காயப்போடுகிறேன், வெறுமனே கிடந்தால் என்னவோபோல் இருக்கிறது.

நீ எங்கே இருக்கிறாய் என்று என் போனில் நீலப்புள்ளி காட்டும்படி, விடுதிக்குக் கிளம்பும்போது நீதான் வைத்துக் கொடுத்தாய். அன்றைக்கு ராத்திரி அது உங்கள் ஊர் ஏரி நடுவே நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா, "மீன் பிடிக்கப் போயிருப்பா, படு" என்றார். நான் கேட்காமல் விடுதி வார்டனை எழுப்பி, அந்த அம்மா மாடி மாடியாகக் கதவைத் தட்ட, நீ போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். சாயந்திரம் படகில் போனபோதே உன் போனில் சார்ஜ் தீர்ந்து புள்ளி அங்கேயே நின்றிருக்கிறது, கணிதம் படித்த எனக்கு இது தோன்றவில்லை. "எம்மேல நம்பிக்கையே இல்லையாம்மா" என்று கேட்டுவிட்டு நீ புள்ளியை நிறுத்தினாய். அதிலிருந்து போனையும் எடுப்பதில்லை, அதனால்தான் தாளும் பேனாவும்.

உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லையடி. நீ பள்ளிக்கூடம் போன நாட்களில் பஸ் முனை திரும்பும்வரை பார்ப்பேன், உள்ளே வந்து கண்ணை மூடி நிற்பேன், உன்னைச் சாமியிடம் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவேன். புள்ளி வந்தபின் அப்படி நிற்பதே விட்டுப்போயிற்று. "சாமிக்கு லீவு குடுத்துட்டியா" என்று அப்பாகூடக் கிண்டல் செய்தார். கண்ணுக்குத் தெரிவதை எதற்கு நம்புவது, பார்த்தால் போதுமே என்றாகிவிட்டது. நேற்று மறுபடி சாமி முன்னால் நின்றேன். நீ எந்தத் தெருவில் இருக்கிறாய் என்றே தெரியாமல் என்னவென்று ஒப்படைப்பது. கடைசியில், எனக்குத் தெரியாத இடத்திலும் அவள்கூட இரு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து படுத்தேன். தூங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் போனைத் தேடவில்லை.

புள்ளியைத் திரும்பப் போடாதே, நானே கெஞ்சினாலும் போடாதே. வார்டன் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீ சாமி கும்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை, அது உன் பாடு, உனக்கும் சேர்த்து நான் நின்றுகொள்கிறேன். ஈரத் தலையோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நன்றாயிரு, தங்கம். உன் குரல் கேட்காமல் வீடு வீடாக இல்லை. இரண்டு வரியாவது சீக்கிரம் பதில் போடு.

அம்மா